மேல்வீட்டுக் கதவில் இரண்டு பைகள்

விலார் என்ற மலையூருக்குள் ரொட்டி வேன் நுழையும்போது ஹாரன் எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்தே, எதெல்வீனா அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். இரண்டு சின்னச் சத்தம் என்றால் நின்று பேசலாம். ஒரே நீளமாக இழுத்தாள் என்றால் ரொட்டியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த வருடம் பிப்ரவரிக் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நீளச் சத்தம்தான்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. குள்ளம், அகலத் தோள், குரல் மட்டும் மூன்று ஆளுக்குக் காணும். அக்காமார் இருவரும் பிரான்சுக்கு வீடு துடைக்கப் போனபோது இவள் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் போயிட்டா இங்க கதவச் சாத்த ஆளு வேணாமா?" என்பாள். முதலில் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பிள்ளைகள் நாலு பேராகக் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியதும், அதே சாலையில் ரொட்டி வேன் ஓட்டினாள். மலையில் ஆறு ஊர். திங்கள், புதன், வெள்ளி. வெளியே வர முடியாதவர்களுக்கு ரொட்டியைப் பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாள். புருஷன் காசிமீரோ மர அறுவை ஆலையில் வேலை பார்த்தான். நாள் முழுக்க ரம்பச் சத்தத்தில் இருப்பதாலோ என்னவோ, வீட்டில் பேச மாட்டான். ஊரில் தோல்பைக் குழல் ஊதத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

அபீலியோ மாமாவின் வீடு ஊரின் கடைசியில், மேட்டில் இருந்தது. எண்பத்து நாலு வயது, தனி ஆள். மகன் ஆர்மிந்தோ லக்சம்பர்க்கில் இருபத்தாறு வருடமாகக் கட்டட வேலை செய்து இப்போது சொந்தமாகக் கொத்தனார் கூட்டம் வைத்திருந்தான். ஆர்மிந்தோவும் எதெல்வீனாவும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

அபீலியோ மாமா முரண்டு பிடித்த மனிதர். கோபம் வந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு, யார் தட்டினாலும் திறக்க மாட்டார். ஒரு வருடம் முன்னால் அப்படித்தான் நடந்தது. எதெல்வீனா தட்டித் தட்டிப் பார்த்துப் பயந்து, தீயணைப்புக்காரர்களை வரவழைத்து, மகனுக்கும் போன் போட்டாள். அவன் அடித்துப் பிடித்து விமானம் ஏறினான். கதவை உடைத்து உள்ளே போனால், மாமா அடுப்போரம் உட்கார்ந்து கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். "என்னடி, பொணம் தூக்க வந்தியா?" என்று கேட்டார். ஊர் ஒரு மாதம் சிரித்தது.

இந்தப் பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை அவள் அவர் கதவில் பையை மாட்டினாள். புதன்கிழமை வந்து பார்த்தால் அந்தப் பை அப்படியே தொங்கியது. தட்டினாள். கூப்பிட்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சமையலறை ஜன்னலுக்குப் பலகை போட்டிருந்தது. வேனை வளைவுக்கு ஓட்டிப் போனாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஆர்மிந்தோவைக் கூப்பிட்டாள்.

"விடு எதெல்வீனா. ஞாயித்துக்கெழம போன்ல எங்கிட்ட சண்ட போட்டாரு. அந்தக் கோவம். தொறக்க மாட்டாரு."

"பை அப்படியே இருக்குடா. தொடவே இல்ல."

"போன வருசம் மாதிரி என்னை மறுபடி ஓட வெக்காத. தீயணைப்புக்காரன வேற கூப்பிட்டுத் தொலைக்காத, மனுசன் அவமானத்துலயே செத்துருவாரு. விடுன்னா விடு."

அவள் விட்டாள். மேட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, இரண்டாவது பையை முதல் பைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வேனைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பையும் தொங்கின. மறுபடி வளைவுக்குப் போய்ப் போன் போட்டாள். "நான் பேசிப் பாக்குறேன், நீ ஒண்ணும் பண்ணாத" என்றான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே இவள் போனை அணைத்துவிட்டு, மேட்டு வீட்டுக்கே திரும்பி, வேனிலிருந்து ஜாக்கியை எடுத்து ஜன்னல் பலகையை உடைத்து ஏறி உள்ளே குதித்தாள். மாமா அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். விழுந்தது திங்களாக இருக்கும், உயிர் போனது வியாழனாக இருக்கும் என்றார் வந்த டாக்டர். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், மழை எப்போது நின்றது என்று சொல்வதுபோல.

வியாழன் என்றால், புதன்கிழமை அவள் கதவைத் தட்டியபோது உள்ளே அவர் கேட்டிருக்கிறார்.

அடக்கத்தன்று ஆர்மிந்தோ கல்லறை வாசலில் நின்று எல்லோர் எதிரிலும் தேம்பித் தேம்பி அழுதான். "கதவுல பை பையா ரொட்டி தொங்கியிருக்கு. ஊர்ல ஒரு நாய்கூட எட்டிப் பாக்கலையே!" என்றான். எதெல்வீனா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பனைக் குழியில் இறக்கும் நேரத்தில் எப்படிச் சண்டை போடுவது என்று வாயைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு நாள் பேசாமல் இருந்ததற்குப் பத்து மாதம் அனுபவித்தாள். காப்பிக் கடையில் இவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். "எதெல்வீனா, என் வீட்டுக் கதவுல மாட்டும்போது மூச்சு வருதான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பில் பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

"உண்மையச் சொல்லிரு" என்று காசிமீரோ ஒருமுறை சொன்னான்.

"நானா போயி வீடு வீடா சொல்லணுமா? அவன் சொல்லட்டும். அவனுக்கு வாய் இல்லையா?"

"அப்ப விடு."

"விடு, விடு! அவனும் விடுன்னான், நீயும் விடுங்கற!" என்று தட்டைத் தொட்டிக்குள் எறிந்தாள்.

டிசம்பர் இருபத்திரண்டில் வெளிநாட்டுக் கார்கள் வரத் தொடங்கின. பொழுது நாலரைக்கே மலைக்குப் பின்னால் விழுந்துவிடும் நாட்கள். வருடம் முழுக்க முப்பது பேர் இருக்கும் ஊரில் நாலு நாளைக்கு இருநூறு பேர். எல்லாப் புகைபோக்கியிலும் புகை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரும் ஸ்தேவான் திருநாளை அந்த வருடம் எடுத்து நடத்தும் முறை ஆர்மிந்தோவுக்கு. சதுக்கத்தில் நீள மேசை போட்டு ஊருக்கே சாப்பாடு போட வேண்டும். இருபத்து மூன்றாம் தேதி அவன் புதுக் கோட்டும் தானுமாக வேனருகே வந்தான்.

"நல்லா இருக்கியா எதெல்வீனா? மேசைக்கு நாப்பது பெரிய ரொட்டி வேணும். சாமியாரு மந்திரிக்கிறதுக்கு ஒண்ணு தனியா."

அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை. 'அன்னிக்கு நீ போன் பண்ணினே' என்று, யாரும் இல்லாத இந்த இடத்தில், அவள் காதில் மட்டும் விழும்படி ஒரு வார்த்தை.

"நாப்பத்தொண்ணு. சரி. வேற என்ன?" என்றாள்.

"வேற என்ன?" என்றான் அவனும், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவளும் காசிமீரோவும் காட் மீனும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, மேலே எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவன் மீன் முள்ளை எடுப்பதிலேயே கண்ணாக இருந்தான். மூன்று நாளாகத் திருநாளுக்குப் பாடும் பையன்களோடு ஒத்திகைக்குப் போய் வந்தவன், ஒத்திகையில் என்ன பாடினார்கள் என்று இவள் கேட்டதற்கு, "எப்பவும் போலத்தான்" என்று சொல்லி, இரண்டாம் தடவை கிழங்கு வைத்துக்கொண்டான். அவனுக்கு இரண்டாம் தடவை சாப்பிடும் பழக்கமே கிடையாது. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் காரணம் பிடிபடவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து பாலன் இயேசு சொரூபத்தின் பாதத்தை முத்தமிட வரிசையில் நின்றார்கள். ஆர்மிந்தோ அவளுக்கு மூன்று ஆள் முன்னால். அவன் குனிந்து முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாமியார் துணியால் பாதத்தைத் துடைத்தார். தன் முறை வந்தபோது எதெல்வீனா குனியவில்லை. "அவன் எச்சில் பட்ட எடத்துல நான் வாய வெக்க மாட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். சொன்னது மெதுவாகத்தான். அவள் மெதுவாகச் சொன்னால் நாலு பெஞ்சுக்குக் கேட்கும்.

இருபத்தாறாம் தேதி ஸ்தேவான் திருநாள். விடிந்ததிலிருந்து கல்யாணமாகாத பையன்கள் கம்பளிக் குஞ்சம் தொங்கும் சட்டையும் தகர முகமூடியும் இடுப்பில் மாட்டு மணிகளுமாகத் தெருத்தெருவாகக் குதித்தார்கள். பூசை முடிந்து மத்தியானம் எல்லோரும் சதுக்கத்தில் கூடினார்கள். நடுவில் ஒரு மாட்டு வண்டி. அதில் ஏறி நின்று பையன்கள் அந்த வருடம் ஊரில் நடந்த மானக்கேடுகளை எல்லாம் பாட்டாகக் கட்டிப் படிப்பார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் குழல் ஒலிக்கும், மணிகள் குலுங்கும். யாரைப் பாடினாலும் அவர் சிரித்துக்கொள்ள வேண்டும். கோபித்துக்கொண்டவரைத் தூக்கி மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியில் போட்டுவிடுவார்கள். அதுதான் சட்டம். தொட்டியின் மேல் அன்றைக்கு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி உறைந்திருந்தது.

பாட்டுப் படித்தவன் தெல்மோ, ஆர்மிந்தோவின் மகன். இருபத்தைந்து வயது, லக்சம்பர்க்கிலேயே பிறந்தவன். ஊர்ப் பேச்சு அவன் வாயில் கொஞ்சம் வழுக்கும். முதலில் ஊராட்சித் தலைவரின் காரில் ஆடு ஏறிய கதை. பிறகு தபால்காரரின் புதுப் பல்செட்டு. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதெல்வீனாவும் சிரித்தாள். அப்போது தெல்மோ காகிதத்தைத் திருப்பினான்.

"மூணு பையி ரொட்டி தொங்குச்சு
மேல்வீட்டுக் கதவிலே,
முட்டிமோதிப் பாக்கலியே
போற அவசரத்திலே!
வேன் ஓட்டுற எதெல்வீனா
விசிலடிச்சுப் போயிட்டா,
வெறகு தீந்த அடுப்போரம்
எங்க தாத்தா போயிட்டார்!"

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. மணிகள் அரைமனதாகக் குலுங்கின. ஆனால் குழல் ஒலித்தது. காசிமீரோ, குழலின் தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி, கன்னம் உப்ப ஊதினான். இரண்டு மூச்சு ஊதிவிட்டு, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்தினான். குழல் ஒரு கெட்ட சத்தத்தோடு அடங்கியது.

எதெல்வீனாவின் காது இரண்டும் எரிந்தன. ஆர்மிந்தோவைத் தேடினாள். மேசையின் தலைமாட்டில், வெள்ளை விரிப்பின் பின்னால், அவள் கொண்டுவந்த ரொட்டிகளுக்கு நடுவில் நின்று அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவமா? கோவிச்சுக்கிட்டா தொட்டிதான்!" என்று எவனோ ஒருவன் முகமூடிக்குள்ளிருந்து கத்தினான்.

"யாரும் தூக்க வேணாம்" என்றாள் எதெல்வீனா.

நேராகத் தொட்டிக்கு நடந்தாள். கல்விளிம்பில் ஏறி நின்று பூட்ஸ் குதிகாலால் பனிக்கட்டியை இரண்டு மிதி மிதித்து உடைத்தாள். ஒரு காலை வைத்தாள், மறு காலை வைத்தாள். இடுப்புவரை தண்ணீர். பாவாடை மிதந்து எழும்பியது. கையால் அதை அமுக்கிவிட்டு, முழுசாக உட்கார்ந்து, கழுத்துவரை முங்கி எழுந்தாள்.

"ஆச்சா? கோவிச்சதுக்கு உண்டானத அனுபவிச்சாச்சு. இனி நான் பேசலாம். எவனும் தடுக்கக் கூடாது" என்றாள். பல் தந்தியடித்தது, குரல் அடங்கவில்லை. "மூணு பை இல்ல தெல்மோ. ரெண்டு. பாட்டுக் கட்டுறதுக்கு முன்னாடி எண்ணத் தெரியணும். புதன்கெழம முதல் பையப் பாத்து உங்க அப்பனுக்குப் போன் பண்ணேன். வெள்ளிக்கெழம மறுபடி பண்ணேன். டேய் ஆர்மிந்தோ! நிமிந்து பாருடா! பண்ணேனா இல்லையா?"

"இது இடமில்ல எதெல்வீனா" என்றான் ஆர்மிந்தோ.

"கல்லறை வாசல் இடமா இருந்துச்சில்ல உனக்கு? 'ஒரு நாய்கூட'ன்னு சொன்னியே, அந்த நாய் உனக்கு ரெண்டு தடவ போன் பண்ணுச்சு!"

"போன வருசம் நீதான என்னைத் தண்டமா ஓட வெச்ச! கஷ்கொட்ட உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு! ஒவ்வொரு தடவையும் நீ கூப்பிட்ட ஒடனே வேலையப் போட்டுட்டு நான்..."

நிறுத்திக்கொண்டான். ஆனால் வெளியே வந்தது வந்துவிட்டது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வண்டிமேல் நின்ற தெல்மோ முகமூடியை நெற்றிக்குத் தள்ளினான்.

"அப்பா, போன் வந்துச்சா?"

ஆர்மிந்தோ மேசையிலிருந்த கத்தியை எடுத்து, எதற்கென்று தெரியாமல், ஒரு ரொட்டியை அறுக்கத் தொடங்கினான்.

"இன்னும் இருக்கு, கேட்டுக்க" என்றாள் எதெல்வீனா. இப்போது அவள் பேசியது தெல்மோவிடம். "வியாழக்கெழமதான் உயிர் போச்சுன்னாரு டாக்டரு. நான் புதன்கெழம தட்டுனேன். அவருக்குக் கேட்டிருக்கும். இவன் 'விடு'ன்னான், நான் விட்டேன். ஜாக்கி புதன்கெழமையும் வேன்லதான் இருந்துச்சு. சிரிப்பாங்கன்னு பயந்து வண்டியத் திருப்பிட்டேன். பாடணும்னா அதப் பாடு. அதப் பாடினா இங்கயே நின்னு கேப்பேன். விசிலடிச்சேன்னு பாடாத. எனக்கு விசிலடிக்கவே தெரியாது, நாசமாப் போறவனே!"

தொட்டியிலிருந்து ஏற முடியாமல் கால் மரத்துவிட்டது. காசிமீரோ குழலைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து கை கொடுத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, கல்விளிம்பைப் பிடித்துத் தவழ்ந்து இறங்கினாள். ரொட்டி மேசையைக் கடந்து, சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் காசிமீரோ அவள் பாதத்தில் திராட்சைச் சாராயத்தை ஊற்றித் தேய்த்தான்.

"நீ ஊதுன" என்றாள்.

"கை பழக்கம்."

"ஒத்திகைல கேட்டிருக்க. நாலு நாளாத் தெரியும். தெரிஞ்சும் எம்முன்னாடி உக்காந்து கெழங்கு தின்ன."

"சொன்னா நீ போய்ச் சண்ட போடுவேன்னு..."

"போட்டிருப்பேன்! அதான் வேணும்!"

காலை இழுத்துக்கொண்டாள். ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. அதில் நாலு நாள் காய்ச்சல். அதனால் பேசாமல் இருந்தது முழுக்கக் கோபக் கணக்கில் வராது என்று காசிமீரோ பின்னால் சொல்லிக்கொண்டான்.

சதுக்கத்தில் என்ன ஆயிற்று என்பதை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். சாப்பாடு நடந்திருக்கிறது. சனம் தலைகுனிந்து சாப்பிட்டிருக்கிறது. ஆர்மிந்தோ மறுநாள் காலையே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வருடம் விழா எடுப்பவனிடம் முறைப்படி கொடுக்க வேண்டிய விழாக் கோலை ஒப்படைக்காமல், மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அவளிடம் வந்து யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காப்பிக் கடையில் மட்டும் பேச்சு நிற்பது நின்றது. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. "பத்து மாசம் என்னை நாயாட்டம் பாத்துட்டு இப்ப 'காப்பி குடிக்கிறியா'ங்கறானுங்க" என்று கடைக்காரனிடமே சொன்னாள். ஆனாலும் குடித்தாள்.

ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி வேனை எடுத்தாள். மேட்டு வீட்டு வாசலில் தெல்மோ நின்றான். அப்பாவோடு போகவில்லை. தாத்தா வீட்டில்தான் படுத்திருந்தானாம். ஜன்னலுக்குப் புதுப் பலகை அடித்திருந்தான். ஆணி கோணலாக இருந்தது.

"அத்தை, ஒரு ரொட்டி."

கொடுத்தாள்.

"அந்தப் பாட்டக் கிழிச்சுட்டேன்."

"எதுக்குக் கிழிச்ச? உன்னை யாரு கிழிக்கச் சொன்னது?" வேன் கதவை அறைந்து சாத்தினாள். "கிழிச்சா ஆச்சா? அடுத்த வருசம் வந்து ஒழுங்கா எழுது. ரெண்டு போன், ரெண்டு பை, ஒரு ஜாக்கி. உங்க அப்பனையும் எழுது, என்னையும் எழுது."

"அப்பா பேச மாட்டேங்கறாரு."

"உன் தாத்தனும் அப்படித்தான். உங்க வீட்டு ஆம்பளைங்களுக்குக் கதவத் தாழ் போடத்தான் தெரியும்." சொல்லிவிட்டு, அவன் கண் கலங்குவதைப் பார்த்து இன்னும் எரிச்சலாகி, இன்னொரு ரொட்டியை அவன் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அந்த வாரமே அவள் வேறொரு வேலையைத் தொடங்கினாள். ஆறு ஊரிலும் தனியாக இருப்பவர்களிடம் போய், வீட்டுச் சாவியில் ஒன்று கொடு என்று கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. "சாவி இல்லேன்னா ரொட்டி இல்ல. பேக்கரி மொதலாளிகிட்ட போய்ச் சொல்லு, எங்க வேணா சொல்லு" என்று வாசலில் நின்று கத்தினாள். திருடுவதற்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று சிலர் கொடுத்தார்கள். அவள் வாய்க்குப் பயந்து மற்றவர்கள் கொடுத்தார்கள். பிப்ரவரிப் பனி விழும்போது வேனின் கண்ணாடிக்குக் கீழே பதினான்கு சாவிகள் கம்பியில் கோத்துத் தொங்கின. அவற்றை அவள் உண்மையிலேயே பயன்படுத்தினாள். பை எடுக்கப்படாமல் தொங்கினால் தட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. திறந்துகொண்டு நேரே உள்ளே போய்விடுவாள். அப்படி நுழைந்த வீடுகளில் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். ஒரு கிழவிக்கு உண்மையாகவே சர்க்கரை இறங்கி மயக்கம். அவள் பிழைத்தாள்.

பக்கத்து ஊர் ஜெர்மானோ மாமாதான் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. சாவி கொடுத்த நாளிலிருந்தே, வேண்டுமென்றே பையை எடுக்காமல் விட்டுவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு புயல் மாதிரி உள்ளே நுழைந்தாள். மாமா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"நான் இன்னும் சாகலடி! போ வெளியே!"

"அப்ப எந்திரிச்சு வந்து ரொட்டிய எடுங்க! உங்களுக்கு மடியில கொண்டாந்து வெக்கணுமா?"

"வெச்சுட்டுத்தான் போயேன்."

அவள் ரொட்டியை அவர் வயிற்றின் மேல் போட்டாள். மூட்டாமல் கிடந்த அடுப்பைப் பார்த்தாள். திட்டிக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுள்ளியை ஒடித்தாள்.